பதினாறு எழுத்து

லிங்கராஜபுரம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில்
இரண்டாம் மாடி. கீழே கோழிக்கடை.
மெஷினை நிறுத்தினால்தான்
ரயில் போவது கேட்கும்.

தேச்சம்மா கையை நீட்டினாள்.
மடிக்கேரிக்காரி, வைட்ஃபீல்டில் வேலை.
வைக்கிங் எழுத்தில் ஃப்ரெய்யா என்று வேண்டுமாம்,
மணிக்கட்டுக்கு மேலே
தழும்பை மறைக்கிற மாதிரி.
போனில் படம் காட்டினாள்:
பூனைகள் இழுக்கும் தேர், கழுத்து நிறையப் பொன்.

நான் படம் பார்த்துக் குத்துகிறவள் இல்லை.
அரபியில் ஒருவன் அம்மா பெயரை
இடமிருந்து வலமாகக் குத்தி
பணத்தைத் திருப்பிக் கொடுத்தவள்.
அதனால் முந்தின இரவே தேடிவிட்டேன்.

கல் நிறைய இருக்கிறது.
இந்தக் கல்லை இன்னாள் நட்டாள், புருஷன் நினைவாக.
இன்னொருத்தி
மகள் நினைவாகப் பாலமே கட்டியிருக்கிறாள்,
அவளைப் போல் கைவேலைக்காரி
அந்த நாட்டில் இல்லை என்று எழுதிவைத்து.
தோர், இந்த எழுத்துகளைப் புனிதமாக்கு என்று
சிலவற்றில் வேண்டுதல்.
ஃப்ரெய்யா பெயர் தெளிவாக வெட்டிய கல்
என் கண்ணில் படவில்லை.
அவளைப் பற்றித் தெரிவதில் பெரும்பகுதி
ஞானஸ்நானம் வாங்கி இருநூறு வருஷம் கழித்து
ஐஸ்லாந்துக்காரர்கள்
கன்றுத்தோலில் மையால் எழுதியது.
மற்றபடி சில வயல்களின் பெயரில் இருக்கலாம்.

வயலா, என்றாள்.

அப்புறம் எழுத்துக் கணக்கு.
பதினாறே எழுத்துதான் அந்தக் காலத்தில். எ கிடையாது.
கல்லுக்கும் தங்கத்துக்கும் ஒரே க.
பாட்டும் பஸ்ஸும் ஒரே ப.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நம்ம ஆட்கள்.
நாலு க வைத்துக்கொண்டு
கன்னடத்தில் படித்தவள் முகம் சுளித்தாள்.

படுக்கைக் கோடும் போடமாட்டார்கள்.
மரத்தின் ரேகையில் மறைந்துபோகும்.
நமக்கோ நேர்க்கோடு என்றால் பயம்,
ஓலை கிழியும்,
அதனால்தான் இத்தனை சுழி என்பார்கள்.

தோலுக்கு?

தோல் எந்தக் கோட்டையும் வாங்கிக்கொள்ளும்.
கல்பள்ளி மின்மயானம் வரைக்கும்.

வெள்ளிக்கிழமை அன்று.
ஃப்ரைடேக்குள் ஃப்ரிக் என்று ஒருத்தி இருக்கிறாள்,
வாரா வாரம் ஆபீஸே அவள் பெயரைச் சொல்கிறது,
எழுதினால் நாலே எழுத்து,
இருநூறு ரூபாய் குறையும் என்றேன்.
யார் அவள்?
ஒடினின் மனைவி.
மனைவியெல்லாம் வேண்டாம், என்றாள் தேச்சம்மா.

கடைசியாக அந்தக் குச்சியைக் காட்டினேன்.
நார்வேயில், பெர்கன் படகுத்துறை மண்ணுக்குள்
ஈரத்தில் கிடந்ததால் பிழைத்தது.
'கீடா சொல்கிறாள், நீ வீட்டுக்குப் போ.'
அவ்வளவுதான். தெய்வமில்லை, மந்திரமில்லை.
கீடா, கிட்டத்தட்ட நம்ம கீதா.
சாராயக்கடையில் இருந்தவனுக்கு
யாரோ கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம்.
அதே குச்சியில் அவன்
பதில் எழுதப் பார்த்திருக்கிறான் போல.
கோடுகள் தெரிகின்றன,
படித்தவர்களுக்கும் பிடிபடவில்லை.

படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே இருந்தாள்.
இடையில் இரண்டு தடவை போன் அதிர்ந்து
ஒரு பெயர் வந்தது.
விரலால் மேலே தள்ளிவிட்டாள்.

இது, என்றாள்.
கீடாவா?
இல்லை. அந்தக் கிறுக்கல்.

அதற்கு என்ன விலை சொல்வது என்று தெரியவில்லை.
எழுத்துக் கணக்கில் வராது.
ஆயிரத்து இருநூறு என்றேன், பேரம் பேசவில்லை.
ஸ்டென்சில் எடுத்தேன், ஒரு கோடு கூட நிமிர்த்தாமல்,
குடித்த கை எங்கே வழுக்கியதோ
அங்கேயே வழுக்கி.
தழும்பின் மேல் ஊசி ஏறும்போது
மை சரியாகப் பிடிக்கவில்லை.
இரண்டாவது தடவை போனேன்.
கையை இழுக்கவில்லை அவள்.

மூன்று நாள் சோப்பு படக்கூடாது.
யாராவது என்னவென்று கேட்டால்?

கேட்கட்டும், என்று செருப்பை மாட்டினாள்.
கீழே கோழிக்கடையில் ஷட்டர் இறங்கியது.